உச்சிக்கு ஏறிவிடலாம், இறங்க முடியுமா? உயரமான மரம் ஏறும் பயணிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயணம் போன இடத்தில் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்தில் ஒரு மரம் நின்றால், ஏறிப் பார்த்துவிட வேண்டும் என்று சிலருக்குக் கை பரபரக்கும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பெரும்பாலானோர் தங்கள் எல்லையை ஏறும் தெம்பை வைத்தே கணக்குப் போடுகிறார்கள், மாட்டிக்கொள்வதோ இறங்கும்போது.

மேற்கு ஆஸ்திரேலியாவில் பெம்பர்ட்டன் ஊருக்கு அருகே குளோஸ்டர் மரம் என்று ஒன்று இருக்கிறது. யூக்கலிப்டஸ் இனத்தில் 'கர்ரி' (karri) என்ற வகை மரம். காட்டுத்தீயைக் கண்காணிக்க 1947இல் அதன் உச்சியில் மேடை கட்டினார்கள், அடிமரத்தைச் சுற்றிச் சுருள் ஏணி மாதிரி 153 கம்பிகள் அடிக்கப்பட்டிருக்கின்றன. மேடை 50 மீட்டருக்கும் மேலே, இடுப்பில் கட்ட ஒரு பாதுகாப்புக் கயிறும் கிடையாது. ஏறும்போது கண் அடுத்த கம்பியில் இருக்கும், பயம் அவ்வளவாகத் தெரியாது. இறங்கும்போது கால் வைக்க இடம் தேடிக் குனிந்தே ஆக வேண்டும், கம்பிகளின் இடைவெளியில் தரை தெரியும், தொடை நடுங்கும், அந்தப் பதற்றத்தில் கை கம்பியைத் தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிக்க, முன்கை சீக்கிரமே சோர்ந்துவிடும். அதனால் கால்வாசி உயரம் ஏறி, முழுக்கத் தரைக்கு இறங்கிப் பாருங்கள். அது சுலபமாக இருந்தால் மட்டும் மறுபடி ஏறுங்கள். பின்னால் பத்துப் பேர் காத்திருக்கிறார்கள் என்ற கூச்சத்தில் மேலே போவது சுத்த மடத்தனம். இன்னொன்று, இப்படிப்பட்ட மரங்களைப் பராமரிப்புக்காக மாதக்கணக்கில் மூடுவதும் உண்டு, கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். மூடியிருந்தால் வேலியைத் தாண்டாதீர்கள்.

சரி, கயிறு போட்டு ஏறுகிறவர்கள் விஷயத்துக்கு வருவோம். இங்கே உயிரைக் குடிக்கிற தவறு, கீழே நின்று கண்ணில் பட்ட முதல் கிளையில் கயிற்றை வீசிவிடுவது. இலையில்லாத கிளை, பட்டை உரிந்த கிளை, காளான் முளைத்த அடிமரம் எதையும் நம்பக் கூடாது. உயிருள்ள கிளையாக, குறைந்தது 15 செ.மீ. தடிமனாக, கயிறு அடிமரத்தை ஒட்டிய கவையில் உட்காரும்படி இருக்க வேண்டும். ஏறுவதற்கு முன் இரண்டு பேராகக் கயிற்றில் முழு எடையையும் போட்டு இழுத்துப் பாருங்கள், முறிகிறதென்றால் நீங்கள் தரையில் இருக்கும்போதே முறியட்டும், அதற்காகத் தலைக்கவசத்தோடு சற்றுத் தள்ளி நின்றே இழுங்கள். பாறை ஏறும் பழக்கம் உள்ளவர்கள் அதே கயிற்றைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அது விழுகிறவரைத் தாங்குவதற்காக நீளும்படி செய்தது. மரத்தில் கயிற்றிலேயே தொங்கி ஏறுவதால் அதிகம் நீளாத கயிறுதான் வேண்டும். கயிறு ஓடுகிற இடத்தில் உறை போட்டால் பட்டையும் பிழைக்கும், கயிறும் பிழைக்கும்.

தனியாக ஏறுவதை என்னால் ஏற்கவே முடியாது. ஹார்னஸ் (கயிற்றோடு இணைக்க இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பாதுகாப்பு வார்) இருக்கிறதே என்பார்கள். மேலே தலையில் அடிபட்டோ மயங்கியோ அசையாமல் ஹார்னஸில் தொங்கினால் ரத்தம் கால்களில் தேங்கி, உயிருக்கே ஆபத்தாகிவிடும். அதற்கு வெகுநேரமும் ஆகாது. மீட்புப் படை காட்டுக்குள் வந்து சேரும்வரை காத்திருக்க முடியாது, அதனால் கீழே நிற்பவருக்கு உங்களை இறக்கத் தெரிந்திருக்க வேண்டும், படம் எடுக்க மட்டும் தெரிந்தவர் போதாது.

அப்புறம் தேனீ. தென்கிழக்கு ஆசியக் காடுகளில் 80 மீட்டரைத் தாண்டியும் வளரும் துவாலாங் மரத்தின் கிளைகளில் மலைத்தேனீக்கள் பெரிய பெரிய அடைகளாகத் தொங்கும். தரையில் என்றால் ஓடலாம், 40 மீட்டர் உயரத்தில் எங்கே ஓடுவது? ஏறும் முன் தொலைநோக்கியால் ஒவ்வொரு கிளையாகப் பாருங்கள். காற்று பலமாக வீசினாலோ, தூரத்தில் இடி கேட்டாலோ, பாதி வழியில் இருந்தாலும் இறங்கிவிடுங்கள்.

பிடிப்புக்காகக் காலில் இரும்பு முள் கட்டி ஏறுவது வெட்டப்போகிற மரத்துக்குத்தான். பட்டைக்கு உள்ளேயே மரத்தின் உயிர்த்திசு இருக்கிறது, ஒவ்வொரு குத்தும் அதில் ஒரு காயம், பூஞ்சைக்கு ஒரு வாசல்.

கடைசியாக, சாதனை என்று சொல்லிப் பேர்பெற்ற மரத்தைத் தேடிப் போவது. கலிபோர்னியாவில் கிட்டத்தட்ட 116 மீட்டர் உயரம் நிற்கும் ஹைபீரியன் என்ற ரெட்வுட் (redwood) மரத்துக்குப் பாதையே கிடையாது. ஆனாலும் கூட்டம் கூட்டமாகப் போய்ச் செடிகொடிகளை மிதித்து அடிப்பகுதியை நாசமாக்கினார்கள். 2022இல் பூங்கா நிர்வாகம் அந்தப் பகுதியையே மூடிவிட்டது. ஏறுவது இருக்கட்டும், பக்கத்தில் போனாலே 5,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் கிடைக்கலாம்.