மாடல் கார் ரிம்மை ரெசினில் வார்ப்பது

1/24 அளவு காருக்கு நான்கு ரிம் தேவை, கையால் கச்சிதமாகச் செய்தது ஒன்றுதான் என்றால், அதை மாஸ்டராக வைத்து நான்கையும் வார்த்துவிடுங்கள். மாஸ்டரை வண்டியில் மாட்ட வேண்டாம். அச்சு எடுக்க ஊற்றும் ரப்பரான சிலிக்கோனில், டின் வகை நாளடைவில் லேசாகச் சுருங்கும். வார்த்த மூன்றுக்குப் பக்கத்தில் மாஸ்டர் துளி பெரிதாகத் தெரியலாம்.

பிளாட்டினம் வகை அவ்வளவு சுருங்காது. ஆனால் கந்தகம் கலந்த களிமண், லேடெக்ஸ் கையுறை, முழுதாக இறுகாத 3டி பிரிண்ட் எது பட்டாலும் பட்ட இடம் பிசுபிசுவென்றே நின்றுவிடும். முதல் அச்சுக்கு டின் வகையே போதும்.

மாஸ்டருக்கு பிரைமர் அடித்து, கீறல்களை நீரில் நனைத்த உப்புத்தாளால் தேயுங்கள். கைரேகையைக்கூட சிலிக்கோன் விடாது. தட்டையான பின்பக்கத்தை பிளாஸ்டிக் தகட்டில் இருபக்க டேப்பால் ஒட்டுங்கள். இடைவெளி இருந்தால் சிலிக்கோன் அடியில் புகுந்துவிடும். 2 செ.மீ. விட்டம், 1 செ.மீ. கனமுள்ள ரிம்முக்கு 4×4 செ.மீ. பெட்டி கட்டி, 2 செ.மீ. உயரம் ஊற்ற ஏறக்குறைய 35 கிராம் சிலிக்கோன் வேண்டும். சிலிக்கோனை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் 3 சதவீதம் என்று டப்பாவில் இருந்தால் 1 கிராம் சேருங்கள். கண்ணளவு வேண்டாம், நகைத் தராசு வாங்கிவிடுங்கள். ஆரக்கால்களில் முதலில் பிரஷ்ஷால் மெல்லப் பூசி, பிறகு ஒரு மூலையில் உயரத்திலிருந்து நூலாக ஊற்றுங்கள். 24 மணி நேரத்தில் பிரிக்கலாம்; இன்னொரு நாள் காற்றாட விட்டால் நல்லது.

பாலியூரித்தேன் ரெசின் ஏ, பி என்று இரண்டு திரவமாக வரும்; கலப்பது பெரும்பாலும் கன அளவில் 1:1. ஏ-க்கு ஒன்று, பி-க்கு ஒன்றாகத் தனித்தனி சிரிஞ்சு வையுங்கள். ரிம்முக்கு 3 மி.லி. போதும் என்றாலும் 10 மி.லி.க்குக் குறைத்துக் கலக்காதீர்கள். சின்ன அளவில் ஒரு துளி பிசகினாலும் விகிதம் கெடும். மிச்சம் வீணாகாமல் இருக்க இரண்டு மூன்று அச்சு செய்துகொள்ளலாம். அச்சில் டால்கம் பவுடர் தூவி ஊதிவிட்டால் ரெசின் மூலைமுடுக்கெல்லாம் ஓடும். 30 விநாடி அடி, ஓரம் வழித்துக் கலக்கி ஊற்றி, பல்குத்தியால் குமிழிகளைக் கிளறிவிடுங்கள். பல ரெசின்கள் 2, 3 நிமிடத்தில் கெட்டிப்படத் தொடங்கும். அரை மணியில் எடுக்கலாம். மெல்லிய ஆரக்கால்களில் சூடு ஏறாததால் அவை இறுகத் தாமதமாகும்.

ரிம் பன்னைப்போல உப்பி நுரைத்தால் காரணம் ஈரம். தண்ணீர் பட்டால் ரெசினில் உள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனம் கார்பன் டை ஆக்ஸைடு விடும். ஐஸ் குச்சியும் காகிதக் கப்பும் ஈரம் பிடித்தவை; பிளாஸ்டிக்கே சரி. ஐப்பசி மழையில், அதுவும் கடலோர ஊரில், டப்பாவை ஊற்றிய கையோடு மூடுங்கள். குமிழிகளை நசுக்கும் காற்றழுத்தக் கலனான பிரஷர் பாட் வைத்திருந்தால் அச்சையும் அதே அழுத்தத்தில் இறுக வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சிலிக்கோனில் ஒளிந்த குமிழிகள் நசுங்கி ரிம்மில் பரு பருவாக எழும்.

கலக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், நைட்ரைல் கையுறை போடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த ரெசினைத் தொடாமல் இருப்பதே மேல். தேய்க்கும்போது ஈர உப்புத்தாளும் மாஸ்க்கும் வேண்டும். பெயின்டுக்கு முன் பாத்திர சோப்பில் கழுவுங்கள். கிட்டுடன் வரும் பிளாஸ்டிக் சிமெண்ட் இதை ஒட்டாது, ஃபெவிக்விக் ஒட்டும்.