மூளை அறுவைத் திட்டமிடல்: 3டி ஸ்லைசர் பழகுவோர் செய்யும் தவறுகள்

மூளைக்கட்டி அறுவைக்கு முன் படங்களை வைத்துத் திட்டமிடப் பழக வேண்டும் என்றால், பலரும் முதலில் எடுப்பது 3டி ஸ்லைசர். இலவசம், திறமூல மென்பொருள். ஆனால் இது ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்குமானது. இதில் வரைந்ததை மட்டும் நம்பி நோயாளியின் தலையில் கை வைக்கக் கூடாது.

முதல் தவறு, வாட்ஸ்அப்பில் வந்த ஜேபெக் படத்தை ஏற்றுவது. அதில் ஸ்லைஸ் (ஸ்கேனின் ஒவ்வொரு வெட்டுப் படம்) தடிமனும் இல்லை, இடைவெளியும் இல்லை, இடம் வலமும் இல்லை. ஸ்கேன் கருவி தரும் மூலக் கோப்புகளான டைகாம் கோப்புகளையே கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஸ்லைசரின் சாம்பிள் டேட்டாவிலேயே மூளைக்கட்டி எம்.ஆர்.ஐ. இருக்கிறது. ஸ்லைஸ் தடிமனையும் பார்த்துக்கொள்ளுங்கள். 5 மி.மீ. ஸ்லைஸில் கட்டிய முப்பரிமாணக் கட்டி படிக்கட்டு மாதிரிதான் வரும்.

அடுத்தது பக்கம் மாறுவது. குறுக்குவெட்டுப் படத்தில் நோயாளியின் இடப்பக்கம் திரையின் வலப்பக்கம் தெரியும். முப்பரிமாண மாதிரியைப் பின்புறமாகத் திருப்பியதும் இது மாறிவிடும். திரையில் உள்ள எழுத்துக் குறியை (L இடம், R வலம்) பார்க்காமல் எந்தப் பக்கத்தையும் வாயால் சொல்லாதீர்கள்.

கட்டியின் எல்லையை வரையும்போது பிரகாசத்தைக் கூட்டிக் குறைத்தால், கட்டியே பெருத்துச் சிறுத்ததுபோல் தெரியும். தரவு மாறவில்லை, கண்தான் ஏமாறுகிறது. கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி எடுத்த டி1 (எம்.ஆர்.ஐ.யில் ஒரு வகை) படத்தில் ஒளிரும் விளிம்போடு நிறுத்துவதும் தவறு. க்ளையோமா என்ற மூளைக்கட்டி அந்த விளிம்பைத் தாண்டியும் ஊடுருவியிருக்கும். வீக்கத்தை வெளுப்பாகக் காட்டும் ஃபிளேர் வகை எம்.ஆர்.ஐ. படத்தையும் பக்கத்தில் வையுங்கள். அங்கே வெளுத்துத் தெரிவதில் வீக்கமும் கலந்திருக்கும் என்பதால், டி1-இல் ஒளிரும் பகுதியையும் ஃபிளேரில் வெளுத்த பகுதியையும் தனித்தனியாக வரைவதே சரி.

எனக்கு மிகவும் பயம் தருவது டிராக்டோகிராஃபி, அதாவது மூளையின் நரம்புப் பாதைகளைக் கோடுகளாக வரைந்து காட்டும் முறை. வண்ண வண்ணமாக நரம்பிழைகள் ஓடுவதைப் பார்த்ததும் மனம் மயங்கிவிடுகிறது. அவை உண்மையான இழைகள் அல்ல, நீர் மூலக்கூறுகள் எந்தத் திசையில் எளிதாக நகர்கின்றன என்பதிலிருந்து போட்ட கணக்கு. கட்டியைச் சுற்றி வீக்கம் இருந்தால் திசைச்சார்பு அளவு (நீர் ஒரே திசையில் எவ்வளவு நகர்கிறது என்பது) குறையும். நீங்கள் வைத்த வரம்புக்குக் கீழே போனதும் மென்பொருள் கோட்டை நிறுத்திவிடும். ஆக, கோடு இல்லாத இடத்தில் பாதையே இல்லை என்று அர்த்தமில்லை. கைகால் அசைவுக்கான பாதை அங்கேயே இருக்கலாம். இழைகள் குறுக்கே வெட்டும் இடத்திலும், ஓர் இடத்துக்கு ஒரே முக்கியத் திசையைக் கணிக்கும் ஒற்றை டென்சர் முறை தடுமாறும். வரம்பையும் விதைப்பகுதியையும் (கோடுகள் தொடங்கும் இடம்) மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள். ஒருமுறை வந்த படத்தை முடிவாக எடுக்காதீர்கள்.

இழைப்படத்தை டி1 மேல் பொருத்தியதும் சரிபார்க்காமல் நகர்ந்துவிடுவார்கள். இழைகளைக் கணக்கிட எடுத்த டிஃப்யூஷன் படம் சைனஸ் (முக எலும்புக் காற்றறை) பக்கம் வளைந்துபோகும். மூளைக்குள் நீர் நிறைந்த அறையான வென்ட்ரிக்கிளின் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று உட்காருகின்றனவா என்று ஸ்லைஸ் ஸ்லைஸாகப் பாருங்கள். இவ்வளவும் சரியாக அமைந்தாலும், மூளையின் மேலுறையான டியூராவைத் திறந்ததும் மூளை நகரும். சில சமயம் ஒரு செ.மீ.க்கும் மேல்.

அப்புறம், பயிற்சிக்குப் படம் பகிரும்போது பெயரை மட்டும் அழித்தால் போதாது. தலை எம்.ஆர்.ஐ.யிலிருந்து முகத்தையே உருவாக்கிவிடலாம்; முகப்பகுதியையும் நீக்கிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.