எக்ஸ் கதிர் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு கருந்துளையின் சுற்றுப்புறத்தை அளப்பது எப்படி

எக்ஸ் கதிர்களை வளிமண்டலமே உறிஞ்சிவிடுவதால் தரவு முழுவதும் விண்கலங்களிலிருந்தே வருகிறது. ஆகவே மன்னார்குடியிலோ கும்பகோணத்திலோ இயற்பியல் படிக்கும் மாணவர், ஐப்பசி அடைமழையிலும் இந்தப் பயிற்சியைச் செய்யலாம்.

மையத்தில் கருந்துளையைக் கொண்ட என்ஜிசி 4051 என்னும் விண்மீன் மண்டலத்தை (கேலக்ஸி) ஐரோப்பிய எக்ஸ் கதிர் விண்தொலைநோக்கியான எக்ஸ்எம்எம்-நியூட்டன் பதிவுசெய்த தரவைப் பொதுக் காப்பகத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். 2015இல் ஏவப்பட்ட நம் அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் பதிவுகளும் உண்டு. ஆனால் புவிக்கு அருகே சுற்றுவதால் அவற்றில் இடைவெளிகள் விழும், புதியவருக்கு அது தொல்லை.

மண்டலத்தின் மையத்தைச் சுற்றிய வட்டத்தில் விழுந்த ஃபோட்டான்களை 100 விநாடிக் கட்டங்களாக எண்ணி, அருகிலுள்ள வெற்றுப் பகுதியின் எண்ணிக்கையைப் பரப்புக்கேற்பக் கழியுங்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கல்லணையில் நீர் உயர்ந்தால் அது மேட்டூர் திறப்பா, உள்ளூர் மழையா என்று பிரித்தறிவதைப் போல, கருவியில் மோதும் புரோட்டான்களால் எழும் போலி எழுச்சியையும் பிரித்தறிய வேண்டும். 10 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் பின்னணி திடீரென எகிறும் நேரங்களை வெட்டிவிடுங்கள்.

ஒளி 1000 விநாடியில் இரட்டிப்பானால், அதை உமிழும் பகுதி, அந்நேரத்தில் ஒளி கடக்கும் தொலைவான ஏறத்தாழ 30 கோடி கிலோமீட்டருக்கு மேல் இருக்க இயலாது. இது உச்சவரம்பு மட்டுமே: 10 லட்சம் சூரிய நிறையுள்ள, சுழலாத கருந்துளையின் ஆரம் சுமார் 30 லட்சம் கிலோமீட்டர்தான். நம்மை நோக்கித் தாரை பாயும் பிளேசார்களுக்கு இக்கணக்கு நேரடியாகப் பொருந்தாது.