அலை உடையாத இடம்தான் ஆபத்து: மசுந்தே பக்கம் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன ஜனவரியில் ஒருநாள் காலை ஏழரை மணி. மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்தில், சிப்பொலித்தே கடற்கரையில் ஓர் ஓலைக் கொட்டகைக்குக் கீழே காபியோடு உட்கார்ந்திருந்தேன். இளைஞர்கள் இரண்டு பேர் வந்து துண்டை மணலில் போட்டார்கள். இடப்பக்கமும் வலப்பக்கமும் அலை ஆளுயரத்துக்கு எழும்பி உடைந்துகொண்டிருந்தது. நடுவில் பதினைந்து மீட்டர் அகலத்துக்கு மட்டும் தண்ணீர் சும்மா கிடந்தது. ஒருவன் அதைக் கைகாட்டினான், இருவரும் நேராக அதை நோக்கி நடந்தார்கள். காபியை வைத்துவிட்டு ஓடினேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் நானும் அப்படி ஓர் இடத்தைத்தான் தேர்ந்தெடுத்து இறங்கினேன்.

புவர்த்தோ ஆன்ஹெல், சிப்பொலித்தே, சான் அகுஸ்தினீயோ, மசுந்தே, வெந்தானீயா என்று பசிபிக் கரையோரம் வரிசையாகச் சின்னச் சின்ன ஊர்கள். நான் தங்குவது எப்போதும் மசுந்தேயில். வெயிலுக்குத் தொப்பி, பாஸ்போர்ட்டுக்கு நகல் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

அமைதியான தண்ணீர் என்று நம்பி இறங்குவது

அலை கரைக்குத் தள்ளும் தண்ணீர் எப்படியும் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். திரும்பும்போது மணலை அரித்து ஒரு வாய்க்கால் போட்டுக்கொள்கிறது. அந்த இடத்தில் ஆழம் அதிகம், அதனால் அங்கே அலை உடைவதில்லை. கரையில் நின்று பார்க்கிறவருக்கு அது குளிக்கத் தோதான இடமாகத் தெரியும். உண்மையில் மொத்தத் தண்ணீரும் வெளியே ஓடும் வாசல் அதுதான். ரிப் கரண்ட் என்கிறார்கள். வேகம் பிடித்தால் ஒலிம்பிக் நீச்சல் வீரராலும் அதை எதிர்த்து நீந்த முடியாது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். முதலில் காலுக்குக் கீழே மணல் நழுவியது. ஓரடி பின்னால் வைத்தேன், அங்கே தரை இல்லை. திரும்பிப் பார்த்தபோது கரையிலிருந்த கொட்டகை தீப்பெட்டி அளவுக்குச் சிறுத்திருந்தது. கரையைப் பார்த்து முழு மூச்சாக நீந்தினேன். நாலைந்து நிமிடம் இருக்கும், கை கல்லாகக் கனத்தது, கொட்டகை கொஞ்சமும் பெரிதாகவில்லை. அப்போதுதான் விசில் சத்தம் கேட்டது. ஒரு லைஃப்கார்டு இரண்டு கையையும் பக்கவாட்டில் வீசி வீசிக் காட்டினார். நேராக வராதே, பக்கமாகப் போ என்கிறார் என்று புரியவே எனக்கு நேரம் பிடித்தது. கரைக்கு இணையாக முப்பது நாற்பது மீட்டர் நீந்தியதும் இழுப்பு விட்டது. வெள்ளை நுரையோடு உடையும் அலைகளே என்னைக் கரையில் கொண்டுவந்து தள்ளின. எந்த அலைக்குப் பயந்து நடுவில் இறங்கினேனோ, அதே அலைகள்.

சிப்பொலித்தே கடற்கரைக்கு 'இறந்தவர்களின் கடற்கரை' என்று ஒரு பெயரே வழங்குகிறது. அதைக் கேட்ட பிறகும் "எனக்கு நீச்சல் தெரியும்" என்று சொல்லிக்கொண்டு இறங்குகிறார்களே, அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆத்திரமாக வருகிறது. நீச்சல் தெரிந்தவர்தான் கரையைப் பார்த்து நீந்தி நீந்திச் சோர்ந்து மூழ்குகிறார்.

இறங்குவதற்கு முன்னால் கொஞ்சம் மேடான இடத்தில் நின்று பத்து நிமிடமாவது கடலைப் பாருங்கள். நுரையும் கலங்கிய மணலும் எந்த இடத்தில் வெளியே போகின்றன என்று தெரியும். அதை விட்டு விலகியே இறங்குங்கள். நேற்று நன்றாக இருந்த இடம் இன்றைக்கும் அப்படியே இருக்கும் என்று நினைக்காதீர்கள், வாய்க்கால் இடம் மாறிக்கொண்டே இருக்கும். சிவப்புக் கொடி நட்டிருந்தால் இறங்கவே கூடாது. கொடி இல்லை என்பதாலேயே பத்திரம் என்றும் ஆகாது, விடிகாலையில் லைஃப்கார்டே வந்திருக்க மாட்டார். மாட்டிக்கொண்டால் மல்லாந்து மிதந்து நிதானமாக மூச்சு விடுங்கள், கையை உயர்த்திக் காட்டுங்கள், அப்புறம் பக்கவாட்டில் நீந்துங்கள். மாட்டியவர் உங்கள் நண்பரானால் பின்னாலேயே குதிக்காதீர்கள். மிதக்கும் பொருள் எதையாவது எறிந்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

குளித்தே ஆக வேண்டுமென்றால் மசுந்தேயின் மேற்கு ஓரத்தில் ரின்கோன்சீத்தோ இருக்கிறது, புவர்த்தோ ஆன்ஹெல் பக்கம் எஸ்தகவீத்தே இருக்கிறது. இரண்டிலும் பாறை அணைப்பு உண்டு, கடல் பெரும்பாலும் சாதுவாக இருக்கும். மசுந்தேயை ஒட்டிய மெர்மெஹீத்தா கடற்கரையில் சூரியன் மறைவதைப் பாருங்கள், தண்ணீரில் காலை வைக்காதீர்கள்.

மலைப்பாதையைக் கிலோமீட்டரில் கணக்குப் போடுவது

வஹாக்கா நகரத்திலிருந்து கடற்கரைக்கு வர முன்பெல்லாம் ஆறேழு மணி நேரம் ஆகும். 2024 பிப்ரவரியில் மேற்கே இருக்கும் புவர்த்தோ எஸ்கோந்தீதோ என்ற கடற்கரை ஊர் பக்கம் புது நெடுஞ்சாலை திறந்தார்கள், பயணம் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. ஆனால் எல்லா வேனும் அதில் போவதில்லை. 175ஆம் எண் பழைய பாதையில் போகும் வேனில் ஏறிவிட்டு, மதியம் கடலில் குளிக்கத் திட்டம் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். எந்த வழி என்று கேட்டுவிட்டு டிக்கெட் வாங்குங்கள்.

பழைய பாதை வேண்டாம் என்று சொல்லவில்லை. வளைவுக்கு மேல் வளைவு, லேசாகச் சாப்பிட்டுவிட்டு ஏறினால் தாங்கலாம். வழியில் சான் ஹோஸே தெல் பசிஃபிகோவில் பைன் மரங்களுக்கு நடுவே மேகம் சாலையில் இறங்கி நிற்கும், ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாது. கீழே வரவர குளிர் போய்க் காபித் தோட்ட வாசம் வரும். ப்ளூமா இதால்கோ காபி அந்தச் சரிவுகளில் விளைவதுதான். பகலில் மட்டும் போங்கள். இரவில் சாலையில் மாடு படுத்திருக்கும், வேகத்தடைக்குப் பெயிண்ட்கூட இருக்காது.

ஊரை மணலோடு முடித்துக்கொள்வது

மசுந்தே ஒரு காலத்தில் கடலாமையை வெட்டிப் பிழைத்த ஊர். 1990இல் மெக்சிகோ அரசு ஆமை பிடிப்பதைத் தடை செய்ததும் ஊரே வேலையில்லாமல் நின்றது. இப்போது அங்கே ஆமைகளுக்கான ஆய்வு மையமும் காட்சித் தொட்டிகளும் இருக்கின்றன, ஊர்க்காரர்கள் கூட்டுறவாக நடத்தும் அழகுசாதனப் பட்டறையும் இருக்கிறது. இதையெல்லாம் பார்க்காமல் நாலு நாள் ஊஞ்சலில் படுத்துவிட்டு "ஒன்றுமில்லாத ஊர்" என்று சொல்லிப் போகிறார்கள்.

கொஞ்சம் மேற்கே வெந்தானீயாவில் ஊர்க் கூட்டுறவுப் படகு உண்டு. அலையாத்திக் காட்டுக்குள் துடுப்புப் போட்டே கூட்டிப்போவார்கள். போன முறை ஒரு முதலை, எங்கள் படகிலிருந்து துடுப்பு நீளத்தில், வாயைத் திறந்தபடி அசையாமல் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. படகோட்டி துடுப்பை நிறுத்தினார், யாரும் பேசவில்லை. வேரிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. காலையிலேயே போனால்தான் இது கிடைக்கும்.

ஆமைக்கு விளக்கடிப்பது

எஸ்கோபீயா கடற்கரையில் பங்குனி ஆமைகள் கூட்டம் கூட்டமாக முட்டையிட வரும். டார்ச்சும் ஃபிளாஷும் வேண்டாம், தொடவும் வேண்டாம்.

பூந்தா கொமேத்தாவுக்கு டார்ச் இல்லாமல் போவது

மசுந்தேயை ஒட்டிக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனை அது, அங்கே மட்டும் டார்ச் வேண்டும். சூரியன் மறைந்த பிறகு இறங்கி வரும் பாதை இருட்டு.

மழைக்காலத்தை லேசாக எடுத்துக்கொள்வது

புயல் பருவம் மே நடுவிலிருந்து நவம்பர் வரை. அகதா புயல் 2022 மே 30 அன்று, பருவம் தொடங்கி இரண்டு வாரத்திலேயே, புவர்த்தோ ஆன்ஹெலுக்கு மேற்கே கரையைக் கடந்தது. இந்த மாதங்களில் போகிறவர்கள் வஹாக்கா நகரத்திலிருந்து திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளே மலையைத் தாண்டிவிடுங்கள். மண் சரிந்தால் சாலை அடைபடும்.

பணத்துக்கு ஏடிஎம்மை நம்புவது

கடற்கரை ஊர்களின் ஏடிஎம்மை நம்பாமல், பழைய மலைப்பாதை இறங்கி வரும் போச்சுத்லா நகரத்திலேயே பெசோவாக எடுத்துக்கொள்ளுங்கள், சின்ன நோட்டாக மாற்றிக்கொள்ளுங்கள். பின்பக்கம் பெஞ்சு போட்ட கமியோனேத்தா வண்டியில் 500 பெசோ நோட்டை நீட்டினால் ஓட்டுநரிடம் சில்லறை இருக்காது. இன்னொன்று, ஏடிஎம் திரை "உங்கள் நாட்டுப் பணத்திலேயே மாற்றித் தரட்டுமா" என்று கேட்கும். வேண்டாம் என்று அழுத்துங்கள். பணம் எப்படியும் வரும், மாற்று விகிதத்தை உங்கள் வங்கி போடும்.

குழாய்த் தண்ணீர்

பல் துலக்கக்கூட கேனிலிருந்து எடுங்கள்.