எதை உடனே துடைப்பது, எதைக் காயவிடுவது

குழந்தை எதையாவது கொட்டினால் நமக்குக் கை பரபரக்கும். நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: இது காத்திருக்குமா, காத்திருக்காதா? எங்கள் வீட்டில் பெரியவளுக்கு நாலு வயது, சின்னவனுக்கு ஒன்றரை. எல்லாவற்றுக்கும் துணியோடு பின்னாலேயே ஓடினால் அவர்களோடு உட்கார்ந்து விளையாட நேரமே இருக்காது.

காத்திருக்காதவை பால், வாந்தி, ரத்தம், மூத்திரம். முதல் மூன்றிலும் புரதம் இருக்கிறது. சூடு பட்டால் புரதம் இறுகித் துணியின் இழையைப் பிடித்துக்கொள்ளும். அதனால் பச்சைத் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் சோப்பு போடவேண்டும். கறை முழுக்கப் போகும்வரை வெந்நீர் பக்கமே போகாதீர்கள்.

மெத்தை நனைந்துவிட்டால் தேய்க்கவே கூடாது, ஈரம் இன்னும் உள்ளே இறங்கிவிடும். காய்ந்த துண்டை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் முழங்காலை ஊன்றி அழுத்துங்கள். துண்டில் ஈரம் ஏறுவது நிற்கும்வரை துண்டை மாற்றிக்கொண்டே இருங்கள். பிறகு சமையல் சோடாவைத் தாராளமாகத் தூவி, சில மணி நேரம் விட்டுத் தட்டியெடுத்து, நன்றாகக் காற்றாடவிடுங்கள். நாற்றம் போகவேண்டுமே என்று அதில் ப்ளீச் ஊற்றிவிடாதீர்கள். மூத்திரத்திலிருந்து வரும் அமோனியாவோடு ப்ளீச் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். ப்ளீச்சையும் வினிகரையும் கலந்தாலும் ஆபத்துதான், அதில் வருவது குளோரின்.

சேறும் விளையாட்டுக் களிமண்ணும் காத்திருக்கும். சொல்லப்போனால், காத்திருந்தால்தான் வேலை சுலபம். ஈரத்தோடு துடைத்தால் விரிப்பு முழுக்க இழுபடும். காயவிட்டுப் பிரஷ்ஷால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். பவுடர் கொட்டினால் ஈரத்துணி வேண்டாம், கூட்டி அள்ளிவிட்டு அப்புறம் துடையுங்கள். மினுமினுப்புத் தூளுக்கு ஒட்டும் டேப் போதும்.

சுவர்க் கிறுக்கலுக்குத்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும். கிரையான் என்பது மெழுகு, வெறும் தண்ணீருக்கு அசையாது. ஈரத்துணியில் ஒரு சிட்டிகை சமையல் சோடாவைத் தொட்டு, அழுத்தாமல் மெதுவாகத் தேயுங்கள். சோடா லேசாக அராவும் என்பதால், பெயின்டின் பளபளப்பு போகிறதா என்று அலமாரிக்குப் பின்னால் ஓர் ஓரத்தில் சோதித்துப் பார்த்துக்கொள்வது நல்லது. துணியில் பால்பாயின்ட் மை பட்டிருந்தால் ஆல்கஹால் உள்ள சானிடைசரை விட்டு, அடியில் ஒரு பழைய துணியை வைத்து, மேலிருந்து ஒற்றி ஒற்றி எடுங்கள். மை அடித்துணிக்கு இறங்கும்.

இதில் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. ஆனால் "அறையைச் சுத்தம் பண்ணு" என்றால் நாலு வயதுக்கு எங்கே தொடங்குவதென்றே தெரியாது. "சிவப்புக் கட்டையெல்லாம் இந்தக் கூடையில் போடு" என்றால் பெரியவள் உடனே செய்வாள். சின்னவனிடமும் ஒரு குட்டித் துணியைக் கொடுத்துவிடுவேன். அவன் துடைத்த இடத்தில் ஈரம் இன்னும் பரவத்தான் செய்யும், ஆனாலும் அவன் கண்ணெதிரே அதை நான் திரும்பத் துடைக்கமாட்டேன். அந்த வயதில் கிண்ணத்தைத் திரும்பத் திரும்பக் கீழே போடுவது விஷமமே இல்லை. விட்டால் விழுகிறதா, சத்தம் வருகிறதா என்று பார்க்கிறான். அதற்காகத் திட்டுவதில் எனக்குத் துளியும் சம்மதமில்லை. கிண்ணத்தில் ஊற்றும் அளவைக் குறைத்தால் தரையில் சிந்துவதும் குறையும், அவ்வளவுதான்.

பொம்மைகளில் பாதியைக் கட்டி மேலே வைத்துவிட்டு, அவ்வப்போது மாற்றி இறக்குங்கள். இறைந்து கிடப்பது பாதியாகும், பழைய பொம்மையும் புதிதாகத் தெரியும்.

கண்ணாடி உடைந்தால் மட்டும் வேறு கணக்கு. முதலில் குழந்தையைத் தூக்கி வேறு அறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள். பெரிய துண்டுகளைக் கையுறையோடு எடுத்துவிட்டுக் கூட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத சில்லுகளை ஈரக் காகிதத்தால் ஒற்றியெடுத்து, அந்தக் காகிதத்தையும் அங்கேயே சுருட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள். துப்புரவுத் திரவங்களைப் பூட்டிய அலமாரியில், அவற்றின் சொந்தப் புட்டியிலேயே வைத்திருங்கள். குடிக்கும் பாட்டிலில் மாற்றி ஊற்றி வைத்தால் குழந்தை அதைத் தண்ணீர் என்றுதான் நினைக்கும்.