பக்கத்து வீட்டாரை எழுப்பாமல் வால்வு ஆம்பை முறுக்குவது எப்படி?

தங்கச்சிமடத்தில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் விடியுமுன் கடலுக்குப் போகிறவர்கள் இருப்பதால், இரவு எட்டு மணிக்கு மேல் 20 வாட் வால்வு ஆம்பை (கண்ணாடிக் குழாய் வால்வுகளால் கிட்டார் ஒலியைப் பெருக்கும் கருவியை) முறுக்கி, அதாவது சத்தத்தை ஏற்றி வைத்துக் கிட்டார் வாசிப்பது நடக்காத காரியம். ஆனால் அந்த ஆம்பின் அருமையோ, குமிழை முக்கால் பங்குக்கு மேல் திருப்பினால்தான் தெரியும்.

ஏன் அப்படி என்பதை முதலில் பார்ப்போம். மொத்த ஒலியைக் கட்டுப்படுத்தும் மாஸ்டர் வால்யூமைக் குறைத்து, முன்பகுதியின் பெருக்கத்தைக் கூட்டும் கெயினை மட்டும் ஏற்றினால், முன்பகுதியில் உள்ள 12ஏஎக்ஸ்7 போன்ற சிறிய வால்வுகள் மட்டுமே திணறும். அந்தக் கரகரப்பு என் காதுக்குக் கொசு ரீங்காரமாகவே படுகிறது. ஸ்பீக்கருக்கான திறனைத் தரும் இஎல்34, 6வி6 போன்ற பவர் வால்வுகளும், அந்தத் திறனை ஸ்பீக்கருக்கு ஏற்றபடி மாற்றித்தரும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து திணறும்போதுதான், மெல்ல மீட்டினால் தெளிந்தும் அழுத்தி மீட்டினால் சீறியும் எழும் அந்தக் குரல் பிறக்கிறது. ஆகவே ஆம்பை முழுமூச்சில் உழைக்கவிட்டு, ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் திறனின் பெரும்பகுதியை வெப்பமாக்கிக் கழித்துவிட வேண்டும். அதற்கான கருவிதான் அட்டெனுவேட்டர்.

வாட் குறைந்த ஆம்பை வாங்கினால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தொலைவில் 97 டெசிபெல் தரும் ஸ்பீக்கரில், 20 வாட் 110 டெசிபெல்லும், 5 வாட் 104 டெசிபெல்லும் தரும். காதுக்குச் சத்தம் பாதியானதாகத் தோன்றவே சுமார் 10 டெசிபெல் குறைய வேண்டும் என்பதால், இந்த 6 டெசிபெல் தெருவுக்குப் போதாது. அட்டெனுவேட்டரில் 20 டெசிபெல் குறைத்தால் ஸ்பீக்கருக்குப் போவது 0.2 வாட்தான்.

முதல் படி, பொருத்தம் பார்ப்பது. ஆம்பின் பின்புறம் ஸ்பீக்கர் அவுட்டில் மின்தடை அளவு 8 ஓம் என்று இருந்தால் அட்டெனுவேட்டரும் 8 ஓமாக இருக்க வேண்டும். முறுக்கிய ஆம்ப் தன் மேல் எழுதியுள்ள வாட்டைத் தாண்டியும் திறனைத் தள்ளும் என்பதால், 20 வாட் ஆம்புக்கு 40 வாட்டாவது தாங்கும் கருவியை வாங்குங்கள்.

இரண்டாவது படி, இணைப்பது. ஆம்பை அணைத்துவிட்டு, அதன் ஸ்பீக்கர் அவுட்டிலிருந்து அட்டெனுவேட்டருக்கும், அங்கிருந்து ஸ்பீக்கருக்கும் ஸ்பீக்கர் கேபிளால் இணைக்க வேண்டும். கிட்டார் கேபிளின் மெல்லிய கம்பி இந்த வேலைக்கு ஆகாது. இந்தப் படியில் அவசரமே கூடாது. ஸ்பீக்கரோ அட்டெனுவேட்டரோ இணைக்கப்படாமல், சுமையின்றி ஓடும் வால்வு ஆம்பில் மின்னழுத்தம் எகிறி அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே கருகிவிடக்கூடும். சென்ற ஆண்டு என் ஆம்பில் சத்தம் விட்டு விட்டு வந்தபோது ஜாக்கை உருவிப் பார்த்தேன்; உப்புக்காற்றில் நுனி முழுவதும் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அன்று முதல் ஒவ்வொரு முறையும் ஜாக்கைத் துடைத்த பிறகே செருகுகிறேன்.

மூன்றாவது படி, முறுக்குவது. அட்டெனுவேட்டரை மிக அதிகக் குறைப்பில் வைத்து, ஆம்பைப் போட்டு வால்வுகள் சூடாக ஒரு நிமிடம் விடுங்கள். மாஸ்டர் வால்யூம் இருந்தால் அதை முழுவதும் திறந்து, வால்யூமை 7 அல்லது 8 வரை ஏற்றுங்கள். பிறகு அட்டெனுவேட்டரின் குறைப்பைப் படிப்படியாகத் தளர்த்தி, வாசலுக்கு வெளியே ஒருவரை நிறுத்தி எவ்வளவு கேட்கிறது என்று விசாரியுங்கள். அறைக்குள் இருக்கும் நம் காதை நம்ப முடியாது.

நான்காவது படி, டோனைச் சரிசெய்வது. ஒலி தாழும்போது காதுக்கு அடித்தொனியும் உச்சத்தொனியும் மங்கிவிடும் என்பதை ஒலி ஆய்வாளர்களான ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டினார்கள். எனவே பாஸையும் டிரெபிளையும் சிறிது ஏற்றுங்கள். ஸ்பீக்கர் கூம்பே நெளிந்து தரும் கரகரப்பும் நெஞ்சில் மோதும் காற்றும் மட்டும் குறைந்த ஒலியில் கிடைக்கமாட்டா.

கழிக்கப்பட்ட திறன் எல்லாம் சூடாவதால் அட்டெனுவேட்டரின் மேல் எதையும் வைக்காதீர்கள். பவர் வால்வுகளும் விரைவில் தேயும். அவற்றை மாற்றும்போது ஆம்பின் உட்பெட்டியைத் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கெப்பாசிட்டர்களில் உயிர்போகும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும். வாசித்து முடித்ததும் ஆம்ப் நன்றாக ஆறிய பிறகே துணியால் மூடுங்கள். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் நான் அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் உறையும் போடுகிறேன்.