பொங்கலுக்குப் பறவை எண்ண வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்களுக்கு

தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கலை ஒட்டி நான்கு நாள் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. யாரும் சேரலாம். ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ணில் படும் பறவைகளை இனவாரியாக எண்ணி, பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்ட் (eBird) செயலியில் ஏற்றினால் போதும்.

ஆனால் யாருடைய கையெழுத்தாவது தேவைப்படும் வேலையைப் பொங்கலுக்கு முந்திய வாரம் வைத்துக்கொள்ளாதீர்கள். நான் வைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் 22 பேரைப் பக்கத்துச் சரணாலயத்துக்குக் கூட்டிப்போக ஆசைப்பட்டேன். வனத்துறை அலுவலகத்தில் அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும் என்றார்கள். முதல் நாள், “ஐயா கேம்ப்ல இருக்கார்”. சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் தலைமையாசிரியர் கடிதம் கேட்டார்கள். வாங்கிவந்து கொடுத்ததும் என் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, வெளிநாட்டுக்காரருக்கு வேறு விதி என்றார்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ (OCI) அட்டை இருந்தால் சரணாலய நுழைவுக் கட்டணம் இந்தியர்களுக்கு உள்ளதேதான். மத்திய அரசே அறிவித்திருக்கிறது. அட்டையோ பெரியம்மா வீட்டு பீரோவில். ஓடிப்போய் எடுத்து, ஜெராக்ஸ் போட்டுத் திரும்பினால், கையெழுத்துப் போட வேண்டியவர் பண்டிகைக்கு ஊருக்குக் கிளம்பிவிட்டார். அப்புறம் வரிசையாக விடுமுறை. என்னென்ன காகிதம் வேண்டும் என்று முதல் நாளே ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தந்திருக்கலாமே! எனக்கு இன்னும் ஆறவில்லை. நீங்கள் டிசம்பரிலேயே ஊரில் ஒருவரை அனுப்பி முழுப் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். அட்டையின் அசல் எப்போதும் கையில் இருக்கட்டும்.

செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி வைத்திருப்பவர்கள் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். உரிமம் இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவருவது குற்றம்.

தீபாவளிக்கு வருகிறவர்கள் சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டிக்கு ஒருமுறை போய்வாருங்கள். வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகள் மிரளக்கூடாது என்று அங்கே வெடி வெடிப்பதில்லை. ஊரே சேர்ந்து பறவைக்காகச் செய்யும் இதைவிடப் பெரிய விழா எனக்குத் தெரியாது.

சரி, பிள்ளைகளிடம் என்ன சொல்வது? எங்கள் ஊர்க் கண்மாய்க்கே கூட்டிப்போனேன். அதற்கு யாரும் கடிதம் கேட்கவில்லை. மடையான், நீர்க்காகம், நத்தைகுத்தி நாரை என்று கரையில் நின்றே எண்ணினோம். நான் செயலியில் தேடிக்கொண்டிருந்தபோதே ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, “முக்குளிப்பான், மாமா. இப்ப முங்கும் பாருங்க” என்றாள். சொன்னபடியே முங்கியது. நானும் பத்து வருடம் அந்தக் கரைமேல்தான் பள்ளிக்கூடம் போனேன். எனக்குத் தெரியவில்லை.

அப்பா கடைசி வருடங்களில் போனில், “கண்மாய்க்கு நாரை வந்திருக்குப்பா” என்பார். நான் “சரிப்பா” என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். அவர் சொன்ன நாரை இதுதானா என்று கேட்க இப்போது ஆளில்லை. நத்தைகுத்தி நாரை 14 என்று பதிந்தேன்.